டீசல் கார் யாருக்குப் பொருந்தும்? மதுரைச் சாலைகளை வைத்து ஒரு கணக்கு

மதுரையில் யாரிடமாவது கார் வாங்கப் போவதாகச் சொன்னால், என்ன நிறம், என்ன விலை என்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து விழும்: "மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" ஆயிரத்தைந்நூறுக்கு மேல் என்றால் டீசல், அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் என்று தீர்ப்பையும் கையோடு சொல்லிவிடுவார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தீர்ப்பு போதுமானதாக இருந்தது. இன்றைக்கு அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை: ஒருமுறை ஸ்டார்ட் செய்தால், நிறுத்தாமல் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?

இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு வேலை. முதல் கேள்வி உங்கள் பணப்பையைப் பற்றியது. இரண்டாவது, வண்டியின் ஆரோக்கியத்தைப் பற்றியது. இரண்டாவது ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, டீசல் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்பதை ஓரளவாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

பொறி இல்லாமல் பற்றும் தீ

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து அழுத்தப்படும். சரியான நொடியில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தட்டிவிடும். தீப்பற்றி, அந்த வெடிப்பில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதைப் பதினாறில் ஒரு பங்காக, பதினேழில் ஒரு பங்காக நெருக்கிவிடும். பெட்ரோல் இன்ஜினில் இந்த நெருக்கம் பத்து, பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடுமே, அதே கதைதான் இங்கும். காற்றை நெருக்கினால் சூடேறும். டீசல் இன்ஜினுக்குள் அந்தச் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பனிப்புகையாகப் பீய்ச்சினால், அது தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-ல் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படை இதுதான். இன்றும் அது மாறவில்லை.

மாறியது பீய்ச்சும் விதம். இன்றைய கார்களில் டீசல் 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டு பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்ணின் பொருள் புரியும். இத்தனை அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்க இன்ஜினைக் கனமாக, உறுதியாகச் செய்ய வேண்டும். டீசல் கார் விலை கூடுதலாக இருப்பதற்கும், ஸ்டார்ட் செய்ததும் ஒரு கடகடப்பு கேட்பதற்கும் காரணம் இதுதான்.

இந்த அமைப்பால் கிடைக்கும் லாபங்கள் மூன்று. அதிகம் நெருக்கி எரிப்பதால் எரிபொருளிலிருந்து கூடுதல் ஆற்றல் கிடைக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் கூடுதலாகவே இருக்கிறது. மூன்றாவது, பலரும் கவனிக்காதது: சும்மா நின்று உறுமும்போது டீசல் இன்ஜின் குடிக்கும் எரிபொருள் மிகக் குறைவு. கோரிப்பாளையம் சிக்னலில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கார்களில், டீசல் கார்க்காரருக்குத்தான் நஷ்டம் குறைவு. "நகருக்குள் ஓட்டினால் டீசல் மைலேஜ் தராது" என்று சிலர் சொல்வது சரியில்லை. நகருக்குள்ளும் டீசல்தான் மைலேஜில் முந்தும். நகரில் அதற்கு வரும் தொல்லை வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இழுவை என்ற சுகம்

டீசல் காரை ஒருமுறை ஓட்டிப் பழகியவர்கள் பெட்ரோலுக்குத் திரும்ப மனம் வராமல் இருப்பதற்குக் காரணம் மைலேஜ் இல்லை, இழுவை. ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதன் 1.5 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத பெட்ரோல் இன்ஜினும், 1.5 லிட்டர் டீசல் இன்ஜினும் திறனில் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டும் 115 குதிரைத்திறன் சுற்றுவட்டாரம். ஆனால் சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை பெட்ரோலில் 144 நியூட்டன் மீட்டர், டீசலில் 250. அதுவும் டீசலில் அந்த முழு இழுவை நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. பெட்ரோலில் 4,500 சுற்றுவரை மிதித்துக்கொண்டு போக வேண்டும்.

இதை எண்ணாகப் படிப்பதைவிட வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது பார்க்க வேண்டும். ஐந்து பேர், பின்னால் நிறைய மூட்டை, ஏ.சி. ஓடுகிறது, முன்னால் ஒரு அரசுப் பேருந்து. வளைவில் அது வேகம் குறைக்கிறது, நீங்களும் குறைக்கிறீர்கள். பெட்ரோல் காரில் மறுபடி வேகமெடுக்க இரண்டாவது கியருக்கு இறங்கி, இன்ஜின் அலற, ஏ.சி.யை அணைக்கலாமா என்று கை போகும். டீசல் காரில் மூன்றாவது கியரிலேயே மெல்ல மிதித்தால் வண்டி முனகாமல் ஏறும். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே அனுபவம்தான். அக்னி நட்சத்திர நாட்களில், மதுரையில் ஏ.சி. இல்லாமல் காரில் உட்காரவே முடியாத வெயிலில், முழு ஏ.சி. ஓடும்போதும் சிறிய பெட்ரோல் இன்ஜின்போல டீசல் தளர்ந்துபோவதில்லை.

டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் இப்போது இந்த இழுவையில் டீசலுக்குச் சமமாக வந்துவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த இழுவையைப் பயன்படுத்தி ஓட்டினால் மைலேஜ் சரசரவென்று இறங்கிவிடும்.

பணக் கணக்கு

2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. 2010-ல் பெட்ரோல் விலைமீதான கட்டுப்பாட்டை நீக்கிய மத்திய அரசு, டீசலை மட்டும் மானியத்தில் வைத்திருந்ததன் விளைவு அது. அன்று விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல். மாருதி ஸ்விஃப்ட்டில் தொடங்கி டாடா இண்டிகா விஸ்டா வரை, ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் எத்தனை கார்களுக்குள் உட்கார்ந்திருந்தது என்று எண்ணி மாளாது. 2014 அக்டோபரில் டீசல் விலையையும் அரசு சந்தையிடம் விட்டது. இடைவெளி சுருங்கத் தொடங்கியது. இன்றைக்கு நம் ஊர் பெட்ரோல் பங்குகளில் இரண்டுக்கும் லிட்டருக்கு எட்டு, ஒன்பது ரூபாய்தான் வித்தியாசம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. சிறிய டீசல் இன்ஜினை அந்த விதிகளுக்கு ஏற்பத் திருத்தி விற்றால் விலை கட்டுப்படியாகாது என்பது அவர்கள் கணக்கு. இப்போது டீசல் வேண்டுமென்றால் பெரும்பாலும் டாடா, மஹிந்திரா, ஹூண்டாய், கியா, டொயோட்டா ஆகியவற்றின் உயரமான வண்டிகளில்தான் தேட வேண்டும்.

நம் கணக்கைப் போடுவோம். ஒரே மாடலில் டீசல் வண்டி, சாலைக்கு வந்து நிற்கும்போது பெட்ரோலைவிட 1,30,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் 101 ரூபாய், லிட்டருக்கு 14 கிலோமீட்டர். டீசல் 93 ரூபாய், 18 கிலோமீட்டர். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 21 காசு ஆகிறது. டீசலில் 5 ரூபாய் 17 காசு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு ரூபாய் மிச்சம்.

தினமும் 25 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாளுக்கு 7,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சம் 15,000 ரூபாய். டீசல் வண்டிக்கு சர்வீஸ் செலவு ஆண்டுக்கு 3,000 கூடுதல் என்று கழித்தால் 12,000. கூடுதலாகக் கொடுத்த 1,30,000 ரூபாய் திரும்பி வரப் பதினோரு ஆண்டுகளாகும். அதைக் கடனாக வாங்கியிருந்தால் வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கு முடியவே முடியாது. ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ, 40,000 ரூபாய் மிச்சத்தில் சர்வீஸ் கூடுதலுக்கு 5,000 போனாலும் நான்கு ஆண்டுகளுக்குள் பணம் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபம்.

உங்கள் வண்டிக்கு இந்த எண்கள் பொருந்தாமல் போகலாம். விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதே வரிகளில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் மைலேஜை மட்டும் போடாதீர்கள். அது சோதனைக்கூட மைலேஜ், நம் சாலையில் வராது. அதே மாடலை வைத்திருக்கும் சொந்தக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லும் எண்தான் மதிப்பு. பெட்ரோலில் இப்போது எத்தனால் 20 சதவீதம் கலந்து வருவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் பெட்ரோல் மைலேஜ் சற்று இறங்கும். டீசலுக்கு இந்தக் கலப்பு இல்லை. வரியில் ஒரு செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் கார்களில் 1,200 சி.சி. வரையிலான பெட்ரோலுக்கும் 1,500 சி.சி. வரையிலான டீசலுக்கும் ஜி.எஸ்.டி. ஒரே 18 சதவீதம்தான். அதற்கு மேற்பட்டவை 40 சதவீதம்.

நகரில் வரும் தொல்லை

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். பழைய டீசல் வண்டி பின்னால் கக்கும் கரும்புகையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது எரியாத கரித்தூள். பி.எஸ்.6 விதிகள் அதன் கழுத்தைப் பிடித்தன. டீசல் காரிலிருந்து கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம்வரை துகள் வெளியேறலாம் என்று இருந்ததை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தன. நைட்ரஜன் ஆக்சைடு அளவு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது. துகளைப் பிடிக்க வண்டிக்கு அடியில், புகைக்குழாயின் நடுவில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். மெக்கானிக்குகள் இதை டி.பி.எஃப். என்பார்கள். பீங்கான் போன்ற பொருளில் செய்த, நுண்ணிய துளைகள் கொண்ட ஓர் உருளை. புகை போகும், கரி தங்கும்.

தங்கும் கரி ஒரு நாள் நிரம்பத்தானே செய்யும்? நிரம்புவதற்குள் அதை எரித்துச் சாம்பலாக்கிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது புகையின் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். அது போதாதபோது, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, காரின் கணினி தானே முடிவெடுத்துக் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றும். பத்து முதல் இருபது நிமிடம் அந்தச் சூடு நிற்க வேண்டும். இடையில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து சூடேற்ற முயலும். அதையும் நாம் அணைப்போம்.

நகரவாசிகளுக்குச் சிக்கல் இங்கேதான். அண்ணா நகரில் வீடு, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவரின் வண்டி வில்லாபுரம் பக்கத்து மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு, வண்டியில் இழுவை குறைவு. மெக்கானிக் முதலில் செய்தது, இன்ஜின் ஆயில் அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்ததுதான். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி விரற்கடை அளவு ஏறியிருந்தது. இன்ஜின் ஆயில் ஓட ஓடக் குறையும் என்றுதான் எல்லோருக்கும் தெரியும், கூடுமா? கம்பியின் நுனியை அவர் மூக்கருகே நீட்டினார். டீசல் வாடை.

"தினமும் எங்கேயண்ணே ஓட்டுகிறீர்கள்?"

"வீட்டிலிருந்து கடைக்கு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு. மறுபடி கடைக்கு. அவ்வளவுதான் தம்பி."

வீட்டுக்கும் கடைக்கும் இடையில் நான்கைந்து கிலோமீட்டர். வைகைப் பாலத்தைத் தாண்டி, யானைக்கல், சிம்மக்கல் நெரிசலில் ஊர்ந்து, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடும். வடிகட்டியைச் சூடேற்றப் பீய்ச்சிய கூடுதல் டீசல், எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கிறது. டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஆயில் டர்போவையும் பேரிங்குகளையும் காப்பாற்றாது. ஆயிலை மாற்றிவிட்டு மெக்கானிக் சொன்ன மருந்து இதுதான்: "நாளைக் காலை மேலூர் வரை போய்விட்டு வாருங்கள் அண்ணே. ஒத்தக்கடை தாண்டியதும் எழுபது, எண்பதில் பிடியுங்கள். டாப் கியர் போடாமல் ஒரு கியர் குறைத்தே ஓட்டுங்கள். விளக்கு அணைந்தாலும் உடனே திரும்பிவிடாதீர்கள்."

விளக்கு அணைந்தது. அதன்பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான்குவழிச் சாலைக்கு வண்டியை எடுத்துப் போகிறார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால், "காரை மேய்த்துக்கொண்டு வருகிறேன்" என்பார். சிக்கனத்துக்காக டீசல் வாங்கியவர், வண்டியைச் சுத்தமாக வைப்பதற்காகவே டீசலை எரித்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் செய்வது சரி. விளக்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் வடிகட்டி முற்றிலும் அடைத்துக்கொள்ளும். பிறகு சர்வீஸ் நிலையத்தில் கணினியை மாட்டித்தான் எரிக்க முடியும். அதற்கும் மசியாவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். அது பல பத்தாயிரம் ரூபாய், சில வண்டிகளில் லட்சத்தையும் தாண்டும்.

வடிகட்டி எரிந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் சுற்று வழக்கத்தைவிடச் சற்றுக் கூடியிருக்கும். அந்த நேரத்து மைலேஜ் இறங்கும். லேசாகக் கருகல் வாடை வரும். வண்டியை அணைத்த பிறகும் முன்னால் விசிறி ஓடும். அப்படி ஓடினால், முடிந்தால் இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலம் இருக்கிறது. சிக்னல் இல்லாமல் போய், நத்தம் பக்கம் கொஞ்சம் ஓட்டித் திரும்ப அது வசதி.

நம் பக்கத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பகுதிகளில் அறுவடைக் காலத்தில் கதிரையும் தட்டையையும் சாலையில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று. காய்ந்த வைக்கோல் வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டால் எந்தக் காருக்கும் ஆபத்துதான். வடிகட்டி 600 டிகிரியில் கொதிக்கும் டீசல் காருக்கு இன்னும் ஆபத்து. அதன்மேல் ஓட்டுவதைத் தவிருங்கள். காய்ந்த புல்லின்மேல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

சில டீசல் கார்களில் இதோடு யூரியாக் கரைசல் நிரப்ப ஒரு தனித் தொட்டியும் உண்டு. அட்புளூ என்று பங்குகளில் கேன்களில் விற்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் பயன்படும் 32.5 சதவீத யூரியா நீர் அது. தீர்ந்துபோனால் கார் மறுபடி ஸ்டார்ட் ஆகாதபடி செய்திருப்பார்கள், அதனால் எச்சரிக்கை வரும்போதே நிரப்பிவிட வேண்டும்.

பராமரிப்பில் மற்றவை சுருக்கமாகச் சொல்லக்கூடியவை. வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான தனி ரக ஆயில் வேண்டும், மலிவு ஆயில் ஊற்றக் கூடாது. டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும், தண்ணீர் கலந்த டீசல் இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். மலையேறி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்தால் டர்போவுக்கு நல்லது. பங்கில் "டீசல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாய் மெல்லியது, டீசல் காரின் வாயில் தாராளமாக நுழைந்துவிடும். தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். டீசல்தான் அந்த உயர் அழுத்தப் பம்புக்கு எண்ணெயும்கூட. பெட்ரோல் போனால் பம்ப் தேய்ந்து, அதன் இரும்புப் பொடி இன்ஜெக்டர் வரை போகும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் மறு வேலை.

புகை நம் மூக்குக்கும்தான் போகிறது

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாக அறிவித்தது. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனையில் மட்டும் குறைவான நச்சைக் காட்டும்படி மென்பொருளை அமைத்து மாட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து உலகம் முழுக்க டீசலின் பெயரைக் கெடுத்தன. வடிகட்டி சரியாக வேலை செய்யும் புதிய டீசல் காரின் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால் கரி ஒட்டாது. ஆனால் செலவை மிச்சப்படுத்த வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கணினியை ஏமாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறம். மாசி வீதிகளில் நடந்து போகும் குழந்தையின் முகத்துக்கு நேரே அந்தப் புகை போகிறது. இதைச் செய்யாதீர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆலோசனை இல்லை.

எந்தப் பாதைக்கு எந்த வண்டி

விராட்டிபத்தில் குடியிருந்துகொண்டு உசிலம்பட்டிப் பள்ளிக்குத் தினமும் போய் வரும் ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் தடையில்லாத தேனிச் சாலை. பணக் கணக்கும் டீசல் என்கிறது, வடிகட்டிக் கணக்கும் டீசல் என்கிறது. விருதுநகருக்கு வேலைக்குப் போய் வருபவருக்கும் அப்படியே. கே.கே. நகரிலிருந்து காளவாசலுக்குப் போய் வரும் அலுவலருக்கு இரண்டுமே பெட்ரோல் என்கின்றன. இவர்கள் யாருக்கும் குழப்பமே இல்லை.

குழப்பம் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். நகருக்குள்ளேயே கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு நாளைக்கு எழுபது கிலோமீட்டர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிக்கு "மாதம் எத்தனை கிலோமீட்டர்" என்ற பழைய கேள்வி டீசலைக் காட்டும். அவர் வாங்கினால் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் அந்த எழுபதும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் துண்டுகள். தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் சி.என்.ஜி. (இயற்கை எரிவாயு) கார் அவருக்குப் பொருத்தம். டிக்கியில் சிலிண்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிரப்புவதற்குச் சில நேரம் வரிசையில் நிற்க வேண்டும், ஆனாலும் கிலோமீட்டர் செலவு கட்டுப்படியாகும். வீட்டில் சார்ஜ் செய்ய இடமிருந்தால் மின்சாரக் காரையும் அவர் பார்க்கலாம்.

இன்னொரு வகை, வாரம் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, மாதத்துக்கு இரண்டு முறை குடும்பத்தோடு பழனி, ராமேசுவரம், திருச்செந்தூர் என்று கிளம்புபவர்கள். இவர்களுக்கு வடிகட்டித் தொல்லை வராது, நீண்ட ஓட்டம்தானே. ஆனால் ஆண்டுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடாது, கொடுத்த கூடுதல் பணமும் எளிதில் திரும்பாது. இவர்கள் டீசல் வாங்கினால், மலைப்பாதை இழுவைக்கும் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு தளராமல் ஓடும் சுகத்துக்கும் விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். அதில் தவறொன்றும் இல்லை. சிக்கனம் என்ற பெயரில் வாங்காமல் இருந்தால் சரி.

பழைய டீசல் வாங்குவோருக்கு

2020-க்கு முந்தைய பி.எஸ்.4 டீசல் கார்கள் மதுரைச் சந்தையில் நிறையவே கிடைக்கின்றன. சிறிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டி கிடையாது, அதனால் நகருக்குள் ஓட்டினாலும் அந்தத் தொல்லை இல்லை. விலையில் இருந்த வித்தியாசமும் பழசானதும் கரைந்துவிடும், ஆகவே பணக் கணக்கும் மாறும். டெல்லியில் பத்து ஆண்டுகள் ஆன டீசல் காருக்குத் தடை என்ற செய்தியைப் படித்துவிட்டு இங்கே பயப்படுபவர்கள் உண்டு. அது தலைநகர்ப் பகுதிக்கான உத்தரவு. நம் மாநிலத்தில் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும், பிறகு வண்டி தகுதியாக இருந்தால் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம்.

ஆனால் பழைய டீசல் என்றால் நிறைய ஓடிய டீசல். ஓடாதவர் டீசல் வாங்கியிருக்கவே மாட்டார், அதனால் ஏழு வயது வண்டியின் மீட்டர் நாற்பதாயிரத்தைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். ஆர்.சி.யில் முன்பு வாடகை வண்டியாக இருந்ததா என்று பாருங்கள். நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் அவர் ஒரு சோதனை செய்வார்: இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதைத் தலைகீழாக அதே வாயின்மேல் சும்மா வைப்பார். மூடி லேசாக அதிர்ந்தால் கவலையில்லை. துள்ளிக் கீழே விழுந்தால், அல்லது அந்த வாய்வழியே புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து காற்று கீழே கசிகிறது என்று பொருள். பேரம் பேசாமல் வந்துவிடலாம்.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். அழுத்தி மிதிக்கும்போது தொடர்ந்து கரும்புகை வந்தால் இன்ஜெக்டரோ காற்று ஃபில்டரோ சரியில்லை, செலவோடு சரி செய்துவிடலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, டர்போவோ வளையமோ போயிருக்கிறது. இந்தப் புகையும், ஸ்டார்ட் ஆகும் சிரமமும், கடகடப்பும் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் முழுமையாகத் தெரியும். அதனால் பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லிவையுங்கள். போனதும் போனட்டின்மேல் கையை வைத்துப் பாருங்கள். வெயிலில் நிற்காத வண்டி சூடாக இருந்தால், நாளைக் காலை வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.